சீனிக்ஸ் நமக்கு என்ன முறை?

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
1996 ஆவணி, மழையில்லாத ஒரு செவ்வாய்.

ரொறன்ரோவில் வதியும் என் ஏக புத்திரி செல்வி குணேஸ்வரிக்கு அப்பா சோமசேகரம் எழுதிக்கொள்வது:

கோணேசர் புண்ணியத்தில் என் தலை, காது, வயிறு முதலியவை அவையவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்து கடமையாற்றுகின்றன. இடது முழங்கால் மட்டும் மருத்துவ விடுப்பில் நிற்கிறது. உனக்கும் சகல உறுப்புகளும் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன என்று நம்புகிறேன். குளிருக்குக் காதைக் கட்டு. சாப்பாட்டைத் தவறவிடாதே. சுகம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிகிறது. இனி எழுதப்போவது கொஞ்சம் நீளம், ஆகையால் அடுப்பில் ஏதும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து வாசி.

பொங்கலையொட்டிக் கிடைத்த உன் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. "அப்பா, நாங்கள் சன் ஓ.எஸ்ஸை விட்டு சொலாரிசுக்கு மாறிவிட்டோம்." அந்த ஒரு வரியால் இங்கே என்னவெல்லாம் நடந்தது என்று நீ அறியமாட்டாய். ரெலிபோனில் சொல்லலாம் என்றால் மாதக்கணக்காக லைன் இல்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

அப்பாவுக்கு ஏன் இந்த மிசின் கதை என்று நீ கேட்பாய். நீ போன புதிதில் ஆறு பக்கம், ஏழு பக்கம் என்று எழுதுவாய். எல்லாம் யூனிக்ஸ், யூனிக்ஸ் என்று ஒரே வேலைக் கதை. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. 'நேற்று எங்கள் கேர்னல் விழுந்துவிட்டது' என்று நீ ஒருமுறை எழுதியதை, அது மிசினின் நடுப் புரோகிராம் என்று அறியாமல், பட்டாளத்துக் கேணல் விழுந்துவிட்டார் என்று வாசித்து, வீட்டுச் சோதனைக்கு வருகிற ஆமிக்காரர் கண்டால் என்ன ஆகும் என்று பயந்து, கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து, பிறகு அந்தப் பானையைத் திறக்கவும் பயந்து ஒரு கிழமை பாணோடு சமாளித்தவன் நான். விளங்காதவன் என்ன பதில் எழுதுவான்? இங்கே மழை, சூடை மீன் வரத்துக் குறைவு, கோட்டைப் பக்க மான் ஒன்று வளவுக்குள் வந்து கொடியில் காய்ந்த என் சறத்தைச் சப்பிவிட்டது என்று எழுதினேன். உன் கடிதம் ஆறு பக்கத்தில் இருந்து நாலுக்கு வந்தது, நாலில் இருந்து இரண்டுக்கு வந்தது. உன்னில் பிழை சொல்லவில்லை. கேர்னல் விழுந்த கவலையில் இருக்கிற பிள்ளை, சறம் போன கவலையில் இருக்கிற தகப்பனோடு எவ்வளவு நாளைக்குத்தான் கதைக்க ஏலும்?

எங்கள் கந்தோரில், அதாவது கப்பலில் வரும் மா மூட்டையையும் சீனி மூட்டையையும் இறக்கிக் கணக்கெடுக்கும் அதே ஏஜென்சியில், ஒரு கொம்பியூட்டர் நெடுநாளாகத் துணி போர்த்தி நின்றது. அதை இயக்கியவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அதற்கென்று ஒரு ஏசி அறை இருந்தது. கந்தோரில் குளிரான இடம் அது ஒன்றுதான் என்பதால் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அங்கேதான் வைப்பார்கள். நான் மனேஜரிடம் போய் அதைப் பழகட்டோ என்று கேட்டேன்.

"உங்கட வயசிலை ஏன் சோமசேகரம் இந்தக் கரைச்சல்?" என்றார்.

"மூட்டைக் கணக்குக்கு வசதி, சேர்," என்றேன்.

மூட்டைக் கணக்குக்காக இல்லை. நீ நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாயோ அதை நானும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பார்சல்களை ஒதுக்கி, துணியை எடுத்து, சுவிட்சைப் போட்டேன். மிசின் கனநேரம் இருமிச் செருமி, பச்சை எழுத்தில் தன் பெயரைச் சொன்னது. யூனிக்ஸ் இல்லை. சீனிக்ஸ். சொந்தக்காரர் வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டி, திறந்தவர் யாரோ ஒருவராக இருந்தால் வருமே ஒரு வெட்கம், அது வந்தது.

எங்கள் கந்தோரில் துறைமுகத்துக்குள் போய் மூட்டை எண்ணுகிற ஸஹாப்தீன் நானாவை உனக்கு நினைவிருக்கும், கிண்ணியாக்காரர், உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். அவர் பார்சல் எடுக்க உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "சீனியா? அப்ப இது நம்மட சீனக்குடாவில செஞ்சதா இரிக்கும், சோமர்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றில் இருந்து கந்தோரில் அதற்குச் சீனி மிசின் என்று பெயர்.

எனக்கு அந்தப் பெயர் விவகாரம் தீர வேண்டியிருந்தது. கொழும்புத் தலைமைக் கந்தோரில் கொம்பியூட்டர் பகுதிக்குப் பொறுப்பான மஹ்ரூப் என்ற எஞ்சினியரைக் கந்தோர் ரெலிபோனில் பிடித்தேன். மூதூர்ப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. லைன் கிடைக்கிற அபூர்வமான நாட்களில், சரக்குக் கதை முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் இதைக் கேட்பேன்.

"தம்பி, சீனிக்ஸ் யூனிக்ஸோ?"

"இல்லை அங்கிள்."

"அப்ப என்ன?"

"யூனிக்ஸ்தான்."

இப்படி ஒரு பதிலைச் சொல்லி லைன் விழுந்துவிடும். அடுத்த கிழமை வரைக்கும் நான் அதை வைத்துக்கொண்டு யோசிப்பேன். கிழமை கிழமையாகப் பொறுக்கிச் சேர்த்ததில் எனக்கு விளங்கிய குடும்ப வரலாறு இதுதான், பிழை இருந்தால் திருத்து. அமெரிக்காவில் ஒரு பெரிய ரெலிபோன் கம்பனி. அவர்களிடம் பிறந்தது யூனிக்ஸ், அதாவது மிசினை உள்ளே இருந்து நடத்துகிற புரோகிராம். பிள்ளையை லைசன்ஸ் எடுத்துக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் பெயரைக் கொண்டுபோக ஏலாது, பெயர் கம்பனிச் சொத்து. ஆகவே மைக்ரோசொவ்ற் என்பவர்கள் கூட்டிப்போய்ச் சீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வளர்க்கும் பொறுப்பைச் சாந்தா குறூஸ் என்ற ஊரில் உள்ளவர்களிடம் ஒப்படைத்தார்கள். இதற்கிடையில் பேர்க்லி என்ற பல்கலைக்கழகத்தார் அதே பிள்ளையைக் கொண்டுபோய் வேறுவிதமாக வளர்த்தார்கள், அந்தக் கிளையில் வந்ததுதான் உன் சன் ஓ.எஸ். ரெலிபோன் கம்பனி வீட்டிலேயே நின்றதற்கு முதலில் வேர்ஷன் என்று ஏழு வரைக்கும் இலக்கம் போட்டு, பிறகு அதை விட்டு சிஸ்டம் என்று மூன்றில் இருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஏன் மூன்றில் இருந்து என்று மஹ்ரூபிடம் கேட்டேன். லைன் விழுந்துவிட்டது. அவரே வைத்தாரோ தெரியாது. இப்போது ரெலிபோன் கம்பனி எல்லாவற்றையும் இன்னொருவருக்கு விற்று, அவர் பெயரை ஒரு சபைக்குக் கொடுத்து, மிச்சத்தைச் சாந்தா குறூஸ்காரருக்கே விற்றுவிட்டாராம். பெயர் ஒரு கையில், காணி ஒரு கையில். இதைக் கேட்டபோது எங்கள் பெரியப்பாமாரின் கட்டைபறிச்சான் வயல் வழக்கு ஞாபகம் வந்து எனக்குத் தலையிடித்தது.

ஆனாலும் ஒன்று விளங்கியது. என் மிசினும் உன் மிசினும் தூரத்துச் சொந்தம். ஒரே பூட்டன். அது எனக்குப் போதுமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் நீ சொலாரிசுக்கு மாறினாய்.

பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்கா படலையடியில் நின்று, "குணம் இன்னும் அந்தச் சன்னிலைதானோ?" என்று கேட்டா. நான் உண்மையைச் சொன்னேன், இல்லை அக்கா, இப்ப சொலாரிஸ் என்று. "ஐயோ, அந்த வேலையும் போட்டுதோ," என்றா. பின்னேரத்துக்கு இடையில் ஒழுங்கை முழுக்க நீ வேலை இழந்த செய்தி பரவி, ஆட்கள் வந்து கதிரையில் இருந்து துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இராசமலர் மாமி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தா. தவராசா வாத்தியார் இரண்டு நாள் வந்து, கனடாவில் வேலை போனால் அரசாங்கம் காசு கொடுக்கும் என்று தைரியம் சொன்னார். உடனே மறுத்திருக்கலாம்தான். ஆனால் மகள், எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு கதிரையிலும் ஆட்கள் இருந்து எவ்வளவு காலம் என்று நினைக்கிறாய். இடியப்பமும் நல்ல இடியப்பம். கிழமை முடிவில்தான் அக்காவைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். "அக்கா, வேலை அதேதான். சன் ஓ.எஸ். நாலுக்கு, பிறந்து கனகாலத்துக்குப் பிறகு சொலாரிஸ் ஒண்டு எண்டு பேர் வைச்சவை. இப்ப புதுசா வந்தது சொலாரிஸ் ரெண்டு. அதைத் திறந்து பார்த்தால் உள்ளுக்கை இருக்கிறது சன் ஓ.எஸ். அஞ்சு."

"ரெண்டாவது ஆளுக்கு உள்ளுக்கை அஞ்சாவது ஆள் இருக்கிறார்," என்றா.

"ஓம் அக்கா."

"நீங்கள் தனிய இருக்கிறது சரியில்லை, தம்பி," என்றா.

அதன் பிறகு ஆட்கள் வரவில்லை. எனக்கோ அக்காவுக்குச் சொன்ன விளக்கத்தில் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. முன்பே நாங்கள் பேர்க்லிக் கிளை, சீனிக்ஸ் கிளை என்று இரண்டாம் மூன்றாம் முறைச் சொந்தம். இப்போது நீ மாறிய இந்தச் சொலாரிஸ் இரண்டு, எங்களுக்குக் கிட்டவாக வந்ததா, இன்னும் தூரப் போனதா? மஹ்ரூபைப் பிடிக்க லைன் இல்லை. ஏசி அறையில் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு மிசினிடமே கேட்பேன். அது அடுத்த கட்டளையைக் கேட்கிற டொலர் குறியைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். கள்ளமாக நீந்தி வருகிறவர்களுக்காகக் கடற்படை துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போடுகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் அதிரும்.

வைகாசி கடைசியில் மிசினின் டிஸ்க் கிரிச்சிடத் தொடங்கியது. ஒருவழியாக லைன் கிடைத்து மஹ்ரூபிடம் சொன்னபோது, எல்லாக் கணக்கையும் ரேப்பில் எடுத்துக்கொண்டு நேரே கொழும்புக்கு வரச் சொன்னார், தபாலில் போட்டால் வந்து சேராது என்றார். மனேஜர் சாவடிகளில் காட்ட 'யூனிக்ஸ் ரேப் ஒன்று' என்று பாஸ் எழுதித் தந்தார். ரேப் என்றால் பாட்டுக் கசெற் மாதிரி, ஆனால் செங்கல் அளவு. அதைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் காலை பஸ் எடுத்தேன். கண்டி வீதியில் கப்பல்துறை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் வழமைபோல் எல்லாரும் இறங்கி வரிசையில் நடந்தோம்.

கோப்பிறல் பாஸை வாசித்தார், யூனிக்ஸ். ரேப்பின் முதுகில் ஒட்டியிருந்ததை வாசித்தார், சீனிக்ஸ். பெட்டிக்குள் யாரோ எப்போதோ வைத்த சீட்டை வாசித்தார், சிஸ்டம் ஃபைவ். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து என்னைப் பார்த்தார். பிள்ளை, இங்கத்தைய நிலைமை உனக்கு மறந்திருக்காது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றும் அடையாள அட்டையில் இன்னொன்றும் இருந்ததற்காக உள்ளே போய் வந்தவர்களை நமக்குத் தெரியும். இரண்டு பெயர் இருந்தாலே இந்த நாட்டில் ஆபத்து. நான் மூன்று பெயருள்ள ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

உள்ளே ஒரு கப்டன். வயது முப்பதுக்குள் இருக்கும். மரியாதையாகத்தான் கதிரை தந்தார். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"இந்த மூன்றில் எது உண்மையான பெயர்?"

"அது நீங்கள் யாரைக் கேக்கிறீங்கள் எண்டதைப் பொறுத்தது, சேர்."

இது நல்ல பதில் இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. அவர் ஒரு தாளை எடுத்து என் பெயரை எழுதினார்.

"சிஸ்டம் ஃபைவ் என்றால் ஐந்தாவது. மற்ற நாலும் எங்கே?"

"முதலாவதும் ரெண்டாவதும் அந்தப் பேரிலை வெளியிலை வரேல்லை, சேர். மூண்டாவது இருந்தது, இப்ப ஒருத்தரும் வைச்சிருக்கிறேல்லை."

"நாலாவது?"

"நாலாவது றிலீஸ் ஆகேல்லை."

கப்டன் பேனையை நிறுத்தினார். "றிலீஸ் ஆகவில்லை. எந்தக் காம்பில் இருக்கிறது?"

"ரெலிபோன் கம்பனிக்காரர் தங்களுக்குள்ளையே வைச்சிருந்தவை."

"இந்த ஐந்தாவது?"

"அது நாலு தரம் றிலீஸ் ஆனது, சேர்."

வாசலில் நின்ற கோப்பிறல் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினார். நாலு தரம் றிலீஸ் ஆனவன் என்றால் நாலு தரம் பிடிபட்டவன், சின்ன ஆளாக இருக்க ஏலாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் நிலைமையைத் திருத்த நினைத்து, தாளை வாங்கி, ரெலிபோன் கம்பனியில் இருந்து கிளை கிளையாகக் கோடு போட்டு முழு வம்சத்தையும் வரைந்து காட்டினேன். அதன் பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. மேலே ஒரு தலைவரும் கீழே நாடு நாடாகப் பிரிந்து போன கிளைகளும் ஒவ்வொரு கிளைக்கும் மாற்றுப் பெயர்களுமாக ஒரு படத்தை என் கையாலேயே வரைந்து கொடுத்திருந்தேன்.

இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, நான் இங்கே இருந்து திரும்பாவிட்டால் முதலில் யார் கவனிப்பார்கள் என்று யோசித்தேன். கந்தோரில் நான் கொழும்பில் நிற்கிறேன் என்று நினைப்பார்கள். கொழும்பில் நான் புறப்படவில்லை என்று நினைப்பார்கள். வீட்டில் நினைக்க ஒருவரும் இல்லை. நீ தபால் தாமதம் என்று நினைப்பாய். கனநாளைக்கு எல்லாரும் ஏதோ ஒரு நல்ல காரணத்தை நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அப்போது தம்பலகாமத்தில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டு, லொறியில் திரும்பி வந்துகொண்டிருந்த ஸஹாப்தீன் நானா, சாவடியில் இறங்கி வரிசையில் வரும்போது ஜன்னலால் என்னைக் கண்டுவிட்டார். இரண்டு கையிலும் எருமைத் தயிர்ச் சட்டி. பேசாமல் போயிருக்கலாம். இந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான், குறை சொல்ல ஏலாது. அவர் சட்டிகளோடு நேரே உள்ளே வந்தார்.

"சேர், இவரை எனக்கு முப்பது வருசமாத் தெரியும். இது மனிசன்ட பேரில்ல சேர், மிசின்ட பேர். நாங்க அதைச் சீனி மிசின் எண்டு சொல்ற."

கப்டன் தாளில் நாலாவது பெயராகச் சீனி என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கொழும்புக்கே கேட்டுப் பார்க்கலாம் என்று மஹ்ரூபின் இலக்கத்தை வாங்கித் தங்கள் லைனில் அடித்தார். எனக்குக் கிழமைக்கணக்காகச் சுழற்றினாலும் கிடைக்காத லைன் ஒரே அடியில் கிடைத்தது. கப்டன் ஒரு கேள்விதான் கேட்டார், சீனிக்ஸ் என்பது யூனிக்ஸா, ஆமா இல்லையா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை மஹ்ரூப். "சட்டப்படி இல்லை, சேர்," என்றது எனக்கே கேட்டது. அதன் பிறகு கனநேரம் ரெலிபோன் தானாகக் கதைத்துக்கொண்டே இருந்தது. கப்டன் காதில் இருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர எடுத்து, கடைசியில் வைத்துவிட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயது?"

சொன்னேன்.

"மூட்டை எண்ணுகிற உங்களுக்கு இந்த வம்சம் எல்லாம் எதற்கு?"

"மகள் ரொறன்ரோவிலை இருக்கிறா, சேர். அவ இதுமாதிரி ஒண்டிலை வேலை செய்யிறா. என்ரை மிசினும் அவவின்ரை மிசினும் சொந்தமோ எண்டு பார்க்கிறன்," என்றேன்.

அவர் மேசையில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதுப் பாஸ் ஒன்றை எடுத்தார். "கந்தளாய், ஹபரணை, எல்லா இடமும் இதையே கேட்பார்கள். ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். இனி இதற்கு அதுதான் பெயர்."

யூனிக்ஸ் என்றால் சட்டப்படி பிழை. சீனிக்ஸ் என்றால் பழைய பாஸோடு பொருந்தாது. என் வாயில் வந்தது வேறு. "சொலாரிஸ்," என்றேன். அவர் அதை எழுதி முத்திரை குத்தித் தந்தார். அந்தத் தாளைத் தானே வைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியாது.

வெளியே வந்ததும் ஸஹாப்தீன் நானாவிடம் நன்றி சொல்லி விடைபெறப் பார்த்தேன். நான் பாஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் கண்டுவிட்டார். லொறிக்காரனைக் கூப்பிட்டு, "ஊட்ட போய் என்ட மகள் லைலாட உம்மாக்கிட்ட சொல்லு, நான் சோமரோட கொழும்புக்குப் போறன் எண்டு," என்று சொல்லி அனுப்பிவிட்டு, சறமும் தயிர்ச் சட்டியுமாக என்னோடு அடுத்த பஸ்சில் ஏறிவிட்டார். வழி முழுக்கத் தன் மச்சினனின் மாட்டுக்கு வந்த வருத்தத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் பேசவேண்டி வரவில்லை. எவ்வளவு உதவி என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தலைமைக் கந்தோரின் கொம்பியூட்டர் அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு சட்டிகளும் போய் நின்றோம். மஹ்ரூப் பாஸை வாசித்தார். சொலாரிஸ் என்று இருந்தது. வேறொன்றும் கேட்காமல், முதுகில் ஒட்டியிருந்ததையும் பாராமல் ரேப்பை வாங்கி, மூலையில் நின்ற ஒரு தட்டையான பெட்டிக்குள் தள்ளினார். அதன் முகத்தில் சன் என்று எழுதியிருந்தது, உன் மிசினைச் செய்த அதே கம்பனி. நான் வாய் திறப்பதற்குள் அது சுற்றத் தொடங்கிவிட்டது. "தம்பி, அது சொலாரிஸ் இல்லை, நான் சும்மா சொன்னனான், அது சீனிக்ஸ்," என்றேன். மஹ்ரூப் பாய்ந்து நிறுத்தப் போனார். அதற்குள் திரையில் வரி வரியாக விழத் தொடங்கிவிட்டது. எங்கள் கப்பல்களின் பெயர். எங்கள் மா மூட்டை. ஈரமாகித் தள்ளுபடி செய்த மூட்டைகள். நான் முழங்கால் நோவோடு இருந்து தட்டிய ஒவ்வொரு எழுத்தும், உன் மிசினின் திரையில்.

"வாசிக்குது அங்கிள். ரேப்பிலை எழுதுற முறை ரெண்டுக்கும் ஒண்டுதான்," என்றார் மஹ்ரூப். அவருக்குமே கொஞ்சம் ஆச்சரியம். பிறகு அவர் சொன்னதைக் கவனமாக வாசி, இதற்காகத்தான் இந்தக் கடிதம். ரெலிபோன் கம்பனியின் ஐந்தாவதின் நாலாவது றிலீசை உண்டாக்கும்போது, பிரிந்து போன கிளைகளைத் திரும்பக் கூட்டி வந்து ஒன்றாகக் கலந்தார்களாம். பேர்க்லியில் இருந்து கொஞ்சம், சன் ஓ.எஸ்ஸில் இருந்து கொஞ்சம், எங்கள் சீனிக்ஸில் இருந்தும் கொஞ்சம். அந்த நாலாவது றிலீசின் மேல்தான் சொலாரிஸ் இரண்டைக் கட்டியிருக்கிறார்கள். நீ மாறியது தூரப் போனதல்ல, குணம். கிட்ட வந்திருக்கிறாய்.

"அப்ப சம்பந்தம் செஞ்ச குடும்பம்," என்றார் ஸஹாப்தீன் நானா, தயிரைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே.

நான் மஹ்ரூபிடம் கேட்டு அந்த மிசின் முன்னால் இருந்தேன். இங்கே காலையில் நான் முதலில் தட்டுவது எல், எஸ் என்ற இரண்டு எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு. அதையே தட்டினேன். இங்கே பதில் வருவது மாதிரியே அங்கேயும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்துவிட்டது. ஏசி அறைகளில் கண்ணாடியில் பனி மாதிரிப் புகார் கட்டும்.

புது டிஸ்கோடு திரும்பி வந்தோம். வரும்போது அந்தச் சாவடியில் கப்டனைக் கண்டு விசயத்தைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொந்தம்தான் என்று ஒரு வார்த்தை. அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். எங்கே என்று கோப்பிறல் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு காலையும் அந்த இரண்டு எழுத்தைத் தட்டும்போது, உனக்கு அங்கே இரவாகி, நீ வீட்டுக்குப் போயிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் அந்த மிசின் அங்கே விழித்துக்கொண்டு நிற்கும் என்று ஒரு நினைப்பு. இனி உன் வேலையைப் பற்றிப் பயப்படாமல் எழுது. கேர்னல் விழுந்தால் எந்தக் கேர்னல், எப்படி விழுந்தது என்று விவரமாக எழுது, எனக்கு விளங்கும், விளங்காவிட்டால் மஹ்ரூபைக் கேட்பேன். உன் திரையில் விழுவது டொலர் குறியா, நூற்றுவீதக் குறியா என்று மறக்காமல் அறிவி. பேர்க்லிப் பக்கத்துப் பழக்கம் உன்னிடம் எவ்வளவு மிச்சம் என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்வேன். ஆறு பக்கம் வேண்டாம், நாலு போதும்.

கமலாதேவி அக்கா, இராசமலர் மாமி, ஸஹாப்தீன் நானா எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். பத்திரகாளி அம்மன் உன் வீட்டு வாசலிலும் ஒரு கண் வைத்திருக்கட்டும், அங்கத்தைய குளிரில் அவவும் காதைக் கட்டிக்கொள்ளட்டும். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நினையாத கெடுதி ஒன்றும் நடவாமல், நிறைவாக இருப்பாயாக.

இப்படிக்கு,
என்றும் உன் அப்பா,
க. சோமசேகரம்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடும்போது தபால்காரர் வந்தார். நீ சித்திரையில் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பது பக்கம். அந்த வேலையைத் தைமாதமே விட்டுவிட்டாய் என்றும், இப்போது சிநேகிதியோடு சேர்ந்து பூக்கடை நடத்துகிறாய் என்றும், கொம்பியூட்டரை உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும் என்றுதான் அத்தனை பக்கம் அதைப் பற்றியே எழுதினாய் என்றும் எழுதியிருக்கிறாய். மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன், வாசிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. கமலாதேவி அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவ சொன்னது சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பூக்களுக்கும் இங்கிலீசில் ஒரு பெயரும் லத்தீனில் ஒரு பெயரும் குடும்பமும் கிளையும் இருக்கிறதாம், இங்கே பக்கத்தில் இருக்கும் ஸஹாப்தீன் நானா சொல்கிறார், தம்பலகாமத்தில் விவசாயக் கந்தோரில் கேட்கலாமாம். சனிக்கிழமை போகிறோம். அதற்கிடையில், காலையில் கடை திறந்ததும் எந்தப் பூவின் தண்ணீரை முதலில் மாற்றுகிறாய் என்று எழுது. அங்கே அதைக் கூப்பிடுகிற எல்லாப் பெயரையும் எழுது.